தீப்பெட்டி வாங்கப் போனவள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. எதிர்வீட்டு நர்ஸ் அத்தையின் பாப்பா கிடைத்துவிட்டாள் என்று போனில் சொன்னபோது நீயும் அழுதாய், நானும் அழுதேன், பேச்சு அதோடு நின்றுவிட்டது. மிச்சத்தை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஐந்து வயதுப் பிள்ளையை நாலு வீடு தள்ளி இருக்கிற கடைக்கு ஒரு தீப்பெட்டி வாங்க அனுப்பினாள் அத்தை, எல்லோரும் அனுப்பின காலம்தான் அது. போன பிள்ளை திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு போனவள் வேறு ஊரில் தன் பிள்ளையாகவே வளர்த்திருக்கிறாள், சாகப்போகிற நேரத்தில்தான் வாயைத் திறந்திருக்கிறாள். பாப்பா தானே போலீசுக்குப் போய், ரத்தம் கொடுத்துச் சோதித்து, சந்தேகமே இல்லை என்று ஆகிவிட்டது.

செய்தி டிவியில் வந்த அன்றைக்கு நம் தெருவை நீ பார்த்திருக்க வேண்டும். மாடிவீட்டு டியூஷன் வாத்தியார் சட்டையை மாற்றி மாற்றிப் பேட்டி கொடுத்தார். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் என்கிறார், அவர் இங்கே குடிவந்தே எட்டு வருஷம்தான் ஆகிறது. நம் சலவைக்கடைக்கு வந்தவர்கள் துணியைப் போட்டுவிட்டுப் போகாமல் கதை கேட்டு நின்றார்கள், உன் அப்பா இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டுக் கதை சொன்னதில் ஒரு பேன்ட் போயிற்று. அதெல்லாம் போகட்டும். முன்பின் தெரியாதவர்கள் போனில் எழுதுகிறார்களாம், சின்னப் பிள்ளையைத் தனியாக அனுப்பினவள் எல்லாம் ஒரு தாயா என்று. எனக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது, இவர்கள் வேறு வந்து கேட்க வேண்டுமா? அந்த வீட்டில் அதற்கப்புறம் தீப்பெட்டி என்ற சாமானே கிடையாது, லைட்டர்தான், நீயே பார்த்திருப்பாய்.

பாப்பா வருகிற அன்றைக்குக் கூட்டம் போட வேண்டாம், பிள்ளை மிரண்டுவிடும் என்று அத்தை வீடு வீடாகக் கேட்டுக்கொண்டாள். பார்த்துவிட்டுச் சாயங்காலமே கிளம்புவதாகத்தான் பாப்பா சொல்லியிருந்தாள், இந்தத் தடவை ஏதாவது கோணலாகிவிட்டால் மறுபடி வரவே மாட்டாளோ என்று அத்தைக்குப் பயம். நம் ஆட்களுக்குத்தான் எதிலும் அளவு தெரியாதே. கடைகளுக்கெல்லாம் ஷட்டர் இறக்கி, கதவு ஜன்னல் சாத்தி, அத்தனை பேரும் திரைக்குப் பின்னால் நின்றோம். டாக்சியில் வந்து இறங்கினவள், பாப்பா என்றுதான் வாயில் வருகிறது, தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, இங்க ஏதாவது சாவு வீடா என்று கேட்டாள். அத்தைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, எல்லாரும் வெளிய வாங்க, பிள்ளை பயப்படுது என்று கூப்பிட்டாள். முதலில் போனவர் உன் அப்பாதான், கதவுக்குப் பின்னாலேயே செருப்போடு நின்றிருந்தார்.

மத்தியானம் வரைக்கும் தாயும் மகளும் நீங்க வாங்க என்று விருந்தாளிகள் மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள், கூட உட்கார்ந்திருந்த எனக்கே சங்கடமாக இருந்தது. திடீரென்று பாப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அன்னைக்கு வாங்கப் போனதை வாங்கிட்டு வந்துடறேன் என்றாள். அத்தை முகம் வெளுத்துவிட்டது. நானும் கூடப் போகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்து, போகட்டும் என்றாள், பிடித்த கையை விடவில்லை. தெருவே வாசலில் நிற்கிறது. கடைக்காரர் காசு வேண்டாம் என்று அவளோடு மல்லுக்கட்டியதில் நேரமாகிவிட்டது, அந்த மனுஷனை அப்போது கொன்றிருப்பேன். பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாங்கிட்டேம்மா என்று தீப்பெட்டியை நீட்டினாள். அத்தை அதை வாங்கிக்கொண்டு, என்னடி இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

சாயங்காலம் கிளம்பவில்லை, நாலு நாள் இருந்துவிட்டுத்தான் போனாள். அடுத்த மாதம் பிள்ளைகளோடு வருகிறாளாம்.

எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. உன்னை எட்டாவது படிக்கிறவரை தெருமுனைக்குக்கூடத் தனியாக விடாதவள் நான், இன்றைக்கும் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று தினம் போனில் கேட்டு உன் உயிரை எடுக்கிறேன். நீ போக நினைக்கிற இடமெல்லாம் போ, நூறு வயது நன்றாக இரு. போகும்போது இனி என்னிடம் சொல்ல வேண்டாம். வீடு வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை, அது மட்டும் போதும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா