இடது காதும் முதல் போணியும்

ஜூலை 8, புதன்
காலையிலிருந்து காற்று. திருவெறும்பூர் மண் முழுக்க எங்கள் கூடத்தில். மாவு அரைக்கவில்லை.

கல்பனா அண்ணி போன். இவருடைய அக்கா. எடமலைப்பட்டி புதூரில் பார்லர். இப்போது காதுக்கு மெழுகுவர்த்தி வைக்கும் சிகிச்சையும் ஆரம்பிக்கிறாராம். மெழுகில் தோய்த்த துணிக்குழாயைக் காதில் செருகி, மேல் நுனியில் பற்றவைப்பது. அழுக்கை உறிஞ்சிவிடுமாம்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள ஆரம்பிக்கணும். முதல் போணி நீதான் சுதா. உனக்கு நல்ல ராசி."

ராசிக்காரி காதைக் கொடுக்க வேண்டும்!

வலது காது சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கியோடு போய்விட்டது. கேட்பதெல்லாம் இடதில்தான். புகுந்த வீட்டில் இவருக்கு மட்டும் தெரியும். "வேணாம்னா அக்கா ஏன்னு கேக்கும். மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னு பேச்சு வரும்" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஜூலை 10, வெள்ளி
ஸ்ரீரங்கத்தில் பூ, வெற்றிலை, அண்ணிக்கு ஜாக்கெட் துணி. அப்படியே காது டாக்டர்.

"அது அழுக்கெல்லாம் எடுக்காதும்மா. மெழுகு உள்ள சொட்டினா செவிப்பறை போயிடும். உங்களுக்கு இருக்கறதே ஒண்ணு. கிட்டயே போகாதீங்க."

இவரிடம் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

முடிவு: வலதை மட்டும் காட்டுவது. செத்த காதுதானே.

ஜூலை 12, ஞாயிறு
குத்துவிளக்கு, சாம்பிராணி, கேசரி. சொந்தக்காரர்கள் பத்துப் பேர். அண்ணி வலதில் வைத்தார். இடது காது தலையணையில் அமுங்கிக் கிடந்ததால் எதுவும் கேட்கவில்லை. பயமாக இருந்தது. முடிந்ததும் எழுந்தேன்.

"எங்க எழுந்துக்கற? ஒரு பக்கத்தோட நிறுத்தினா தலை சுத்தும்னு கிளாஸ்ல சொன்னாங்க. திரும்பிப் படு."

"போதும் அண்ணி."

"முதல் போணியே பாதியில நிக்கணுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். குனிந்து கேசரி தின்றுகொண்டிருந்தார். படுபாவி. திரும்பிப் படுத்தேன்.

படபடவென்று எரியும் சத்தம். பிறகு உள்ளே சுளீர். கத்திவிட்டேன். "சூட்டுல இளகுது, அவ்வளவுதான்" என்றார் அண்ணி. மிச்சத் துண்டை வெட்டி, உள்ளே இருந்த பழுப்புப் பொடியைக் காட்டினார். "பாத்தீங்களா, எத்தன அழுக்கு!" எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜூலை 13, திங்கள்
பஞ்சில் ரத்தம். வலி தாடை வரை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது, பார்த்துத்தான் தெரிந்தது. டாக்டரிடம் போக வேண்டும், இப்போதே.

இவர் எதிரில் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்கிறார். சத்தமே வரவில்லை. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறார். மூன்றாம் தடவை உதட்டைப் பார்த்துப் புரிந்தது.

"அக்காகிட்ட சொல்லாத."