செவலை சும்மா நிற்கவில்லை

என்னங்க,

பால் வண்டியோடு போகிறேன், மதியத்துக்குள் வந்துவிடுவேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்ட வேண்டாம்.

நேற்று கொம்பு வளராமலிருக்கக் குருத்தைச் சுட்டவுடனே செவலைக் கன்று பால் குடித்ததே, அது மரத்துப்போகிற ஊசியின் வேலை. அதைப் பார்த்துவிட்டு, "வலியே இல்ல பாரு, எதுக்கு இன்னொரு ஊசி?" என்று டாக்டரை அனுப்பிவிட்டீர்கள். மரப்பு விட்ட பிறகு நான் போய்ப் பார்த்தேன். கத்தவில்லை, துள்ளவில்லை, சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. காதை ஓயாமல் உதறுகிறது. கண் பாதி மூடியிருக்கிறது. பாலை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. வலித்தால் கத்தியே ஆக வேண்டுமா? இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று நீங்கள் கத்தினீர்களா? பேசாமல் மூட்டை தூக்கப் போனீர்கள்.

கறுப்பிக் கன்றுக்கும் குருத்தைச் சுட இன்று டாக்டர் வருவார். சுடுவதற்கு முன்னாலேயே, மரத்துப்போகிற ஊசியோடு வலி குறைக்கிற ஊசியும் போடச் சொல்லுங்கள். செவலைக்கும் இப்போதாவது போடட்டும். கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது.

ராத்திரி "கல்நெஞ்சு" என்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதி, ஊசி போட்ட பிறகு.

பி.கு. செவலை உங்களைக் கண்டு ஒதுங்கினால் மனசு உடைந்துவிடாதீர்கள். நேற்று அதன் தலையை அமுக்கிப் பிடித்தது உங்கள் கைதானே. கையை ஓங்காமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அதுவாக வரும்.

எனக்காக அவ்வளவு நேரம் உட்கார வேண்டாம். ஒரு வார்த்தை பேசினால் போதும்.