நூற்றிருபது மீட்டர் அலைத்தடுப்புச் சுவரும் என் முதல் கையெழுத்தும்

அனுப்புநர்
ச. அற்புதமணி (வயது 61),
மளிகைக் கடை,
ஒற்றைப்பனைத்துறை, வேம்பார் வழி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு துணைக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புப் பிரிவு,
தூத்துக்குடி.

பொருள்: கட்டாத அலைத்தடுப்புச் சுவரைக் கட்டியதாகக் காட்டிய ஒன்றியக் கவுன்சிலர் மீதும், தேவைப்பட்டால் என் மீதும், நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கடற்கரைத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். கடைசி வீடு என் தங்கை மகள் ஷீஜாவுடையது. சென்ற ஐப்பசியில் கடல் அவள் வீட்டுக் குளியலறையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த ஐப்பசிக்கு அடுப்படி என்று அலைகள் முகூர்த்தம் குறித்துவிட்டன.

2. அதைத் தடுக்க நூற்றிருபது மீட்டர் கருங்கல் சுவருக்கு அரசு ஒப்புதல் தந்தது. வேலையை எடுத்தவர் கவுன்சிலர் திரு. முத்துச்செல்வத்தின் மைத்துனர். லாரிகள் வந்த வேகத்தைப் பார்த்து, இலங்கை வரைக்கும் பாலம் போடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். இன்று சுவர் பதினெட்டு மீட்டர். ஒரு நண்டு மூச்சு வாங்காமல் சுற்றி வந்துவிடும்.

3. மிச்சக் கற்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கவுன்சிலர் கட்டும் கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவரில் இருக்கின்றன. பொறியாளர் அளந்ததற்கு அடையாளமாக எங்கள் கரையில் வைத்து அடித்த சுண்ணாம்புக் கோடு அவற்றில் அப்படியே தெரிகிறது. புகைப்படங்கள் நான்கு இணைத்துள்ளேன்.

4. ஜூலையில் குறைதீர் நாளில் மனுக் கொடுத்தேன். அது பல அலுவலகங்களுக்கு ஊர்வலம் போய், கடைசியில் கவுன்சிலர் உட்கார்ந்திருக்கும் ஒன்றிய அலுவலகத்திலேயே இறங்கியது. பதிலாக வந்தது மே 1 கிராம சபைத் தீர்மானத்தின் நகல்: ‘சுவர் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டதை நேரில் கண்டு உறுதி செய்கிறோம்.’ கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

5. என் குற்றத்தை மறைக்க மாட்டேன். எங்கள் ஊர் கிராம சபையில் டீயும் வடையும் வாங்கும்போதே வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். ஊர்ப் பெரியவர் முதலில் போடட்டும் என்று நோட்டை நீட்டினார்கள். அந்த ஒரு வார்த்தையில் மயங்கி, துறைமுகத்துக் கப்பலில் இருந்து பார்த்தாலும் தெரியும்படி போட்டுக் கொடுத்தேன். வடையில் உப்பு இல்லை என்று கண்டுபிடித்த நான், பக்கத்தில் எழுத்து இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

6. போன வாரம் கவுன்சிலர் கடை முன் வண்டியை நிறுத்தி, சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, சுவரு இல்லன்னு கேஸு வந்தா முதல்ல உள்ள போறது நீங்கதான். பேசாம யாவாரத்தப் பாருங்க” என்றார். அன்றிலிருந்து போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே அரைக் கிலோ பருப்புக்கு முக்கால் கிலோ நிறுத்துக் கொடுத்துவிடுகிறேன். அதைவிட மோசம், நகலை ஷீஜாவும் பார்த்துவிட்டாள். “எங்கன நின்னு மாமா அந்தச் சுவரப் பாத்தீய?” என்று கேட்டாள். அதற்கு என் பதில்தான் இம்மனு.

7. வரும் திங்கட்கிழமை மண்டபச் சுவருக்குப் பூச்சு வேலை தொடங்குவதாகக் கொத்தனார் சொன்னார். பூசிவிட்டால் சுண்ணாம்புக் கோடு மறைந்துவிடும்; அவை எங்கள் கற்கள் என்பதற்கு அந்த நான்கு படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே அதற்குள் அளவு நாடாவுடன் தாங்களே நேரில் வந்து இரண்டு சுவர்களையும் பார்வையிட வேண்டுகிறேன். இம்மனுவைத் ‘தக்க நடவடிக்கைக்காக’ என்று அதே ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டாம். வழக்கில் என் பெயரும் வருமானால் வரட்டும், மறுக்காமல் வாக்குமூலம் தருகிறேன். நான் உள்ளே போனால் ஒரு மளிகைக் கடை பூட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். ஷீஜா வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இன்று காலை ஒன்பது அடி மணல் இருந்தது. அது எட்டாகும் முன் வாருங்கள் ஐயா.

இடம்: ஒற்றைப்பனைத்துறை
நாள்: 20.09.2023

தங்கள் வரவை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும்,
ச. அற்புதமணி