பதினாலு மாத மாற்றல்

மார்ச் 4

காலையில் பதினொரு பேருக்குக் காது சோதனை. ஒருவருக்கும் தனக்குக் காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ள மனம் வருவதில்லை. கடைசியாக வந்த பெரியவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் விரல் அசைவதைப் பார்த்துப் பார்த்து, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தினார். திரையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அழுத்தவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மகள் போன் செய்தாள். மே ஒன்பதாம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். மண்டபம் பிடித்து, சொந்தபந்தம், ஆபீஸ்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்று கல்யாண உறுதிமொழியை மறுபடி சொல்ல வேண்டுமாம். இப்போது எல்லாரும் செய்கிறார்களாம். வீண் வேலை என்றேன். அப்பா சரி என்று சொல்லிவிட்டாராம்.

சொல்லுவார். முதலில் சரி சொல்வது எப்போதும் அவர். அதைச் செய்து முடிப்பது நான்.

மார்ச் 5

மறுபடி சொல்வது இருக்கட்டும். முதலில் சொன்னது என்ன ஆயிற்று என்று ஒருவராவது கேட்பார்களா?

மார்ச் 11

இவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. தலைக்குச் சாயம் எந்த வாரம் போட்டால் அன்றைக்குச் சரியாக இருக்கும் என்று முடிதிருத்துபவரிடம் கேட்டு வந்திருக்கிறார். பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளர். எதையும் விற்கத் தெரிந்தவர்.

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, வீட்டுக்குப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கூட வேலை பார்த்த ஒருத்தியோடு வீடு எடுத்திருந்தார். இங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். மகளுக்கு அப்போது பதினாறு வயது. அன்று சாயங்காலம் அவளுக்குத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அப்பாவுக்கு மாற்றல். கம்பெனியில ரூம் குடுத்திருக்காங்க. ஒரே ரூம், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. லீவும் கிடைக்காது." மத்தியானம் முழுக்க இந்தச் சோதனை அறைக்குள் உட்கார்ந்து மனப்பாடம் செய்த வரிகள். அதையேதான் அக்காவுக்கும் சொன்னேன், அக்கம்பக்கத்துக்கும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பதினாலு மாதம் கழித்து அதே பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். அங்கே கசந்துவிட்டது போலிருக்கிறது, நான் கேட்கவில்லை. அவரும் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. மகள் அறையிலிருந்து வந்து பார்த்தாள். "அப்பாவுக்குத் திரும்ப இங்கேயே போட்டுட்டாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மார்ச் 19

நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கும் பெண் வீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து கையில் இருந்த அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டே இருந்தாள். மனதுக்குள் அட்டைக்காரி என்று பேர் வைத்துவிட்டேன். நல்ல பெண்தான், சிரித்த முகம். அட்டையில் கேள்விகள் வைத்திருந்தாள். முதலில் சந்தித்தது எங்கே, யார் அதிகம் கோபப்படுவீர்கள், இருவரும் சேர்ந்து தாண்டி வந்த கஷ்டம் எது.

இவர் முந்திக்கொண்டார். ஒருமுறை வேலை விஷயமாகப் பதினாலு மாதம் பிரிந்திருக்க வேண்டி வந்தது, அதைத் தாண்டியது இவளுடைய பொறுமையால்தான் என்றார். அட்டைக்காரி உருகிப்போனாள். அதையே நடுவில் வைத்து நிகழ்ச்சியை அமைக்கலாம், பின்னால் ரயில் படம் ஒன்று வைக்கலாம் என்றாள்.

ரயிலாம். இருபது நிமிஷ பஸ்ஸுக்கு.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பாத்திரம் ஒன்றும் இல்லை கழுவ.

மார்ச் 27

நேற்று சாயங்காலம் தான் சொல்லப்போகும் உறுதிமொழியை எழுதி எடுத்துவந்து என் எதிரே உட்கார்ந்தார். உனக்குத்தான் எழுத வரும், கொஞ்சம் மெருகேற்றிக் கொடு என்றார். அவரே படித்தும் காட்டினார். 'அந்தப் பதினாலு மாதமும் தூரத்து ஊரில், ஒவ்வொரு நாளும் உன் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.' அந்த இடத்தில் குரல் கம்மியது. கண்ணில் தண்ணீர்.

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நடிப்பில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா? நம்புகிறார். மனசார நம்புறார்! நான் வயித்தெரிச்சலோட ஒவ்வொரு செங்கல்லா அடுக்கிக் கட்டின பொய்யில, நோகாம வந்து குடியேறிட்டார். ஜன்னல் வெச்சு, திரைச்சீலை மாட்டி, காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கார். நான்தான் வெளியில நிக்கிறேன்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊர்ல தூங்கினீங்க?"

அப்புறம், பழசை எதற்குக் கிளறுகிறாய், பிள்ளை ஆசைப்பட்டுச் செய்கிறாள் என்று சொல்லிக் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு டிவி பார்க்கப் போனார். எடுத்துப் பார்த்தேன். அவசரத்தில் 'தூ' குறிலாகி, 'துரத்து ஊர்' என்று இருந்தது.

திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 2

என் உறுதிமொழிக்கு ஒரு வரி கூட வரவில்லை. எனக்குப் புதிதாக என்ன உறுதி கொடுக்க இருக்கிறது? கொடுத்ததைத் திருப்பி வாங்கவே இல்லையே நான்.

ஏப்ரல் 9

மகளோடு போய் மண்டபம் பார்த்தேன். விசாலமான ஹால், மஞ்சள் விளக்குகள், நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டுநாடாவால் இரண்டு குறி. அட்டைக்காரி என்னை ஒரு குறியில் நிறுத்திப் பார்த்தாள். எதிர்க் குறி காலி.

மகளின் கணவரை, மாப்பிள்ளையைக் காணோம். இரண்டு மாதமாக அவரை நான் பார்க்கவே இல்லை. கேட்டபோதெல்லாம் மகள் ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை ஆடிட் என்றாள். இன்று கேட்டதற்கு, நாற்காலி எண்ணிக்கை எழுதிக்கொண்டே, முகம் நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அவருக்கு மாற்றல்மா. போன மாசமே. கம்பெனியில ரூம் குடுத்திருக்காங்க. ஒரே ரூம், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. லீவும் கிடைக்காது."

என் வார்த்தைகள். வரிசை கூட மாறவில்லை.

எண்பது நாற்காலியா நூறா என்று அட்டைக்காரி கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். கால் அந்தக் குறியை விட்டு நகரவில்லை.

ஏப்ரல் 10

இடது காது அளவை வலது காதுக்கு எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் முதல் தடவை. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டில் எல்லாம் சரிதானே என்று மட்டும் கேட்டார். விழா வேலை என்றேன். வாழ்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 13

நேற்று ஞாயிறு. காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் முகம் போன போக்கிலேயே பாதி தெரிந்துவிட்டது. கை கழுவப் போனேன். குவளையில் ஒரே ஒரு பல்துலக்கி. அலமாரியில் ஒரு பக்கம் வெறும் தடுப்புகள். ஹாலில் ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும். மாற்றலில் போகிறவன் சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டா போவான்?

"எந்த ஊரு?" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நீ அப்ப எந்த ஊருன்னு சொன்னே?" என்றாள்.

நான் எந்த ஊரும் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்கு எல்லாம் தெரியும். இவர் பெட்டியோடு போன மூன்றாவது வாரமே தெரியும். பள்ளிக்கூட பஸ் சிக்னலில் நின்றபோது, ஒரு கடை வாசலில் அப்பாவைப் பார்த்திருக்கிறாள். கையில் இரண்டு பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் அந்தப் பெண். எந்த நிறம் வேண்டும் என்று அப்பா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் மூன்று தடவை தனியாகப் பஸ் ஏறிப்போய் அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். பதினாறு வயதில். சிறப்பு வகுப்பு என்று என்னிடம் சொன்ன நாட்கள் அவை. நானும் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேம்மா. அதான் நம்பற மாதிரி இருந்தேன்."

பிறகு மாப்பிள்ளை கதை. அதிலும் ஒருத்தி இருக்கிறாள், அதிலும் வீடு இதே ஊரில்தான். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. அப்புறம் எதற்கு எங்களுக்கு இந்த விழா என்று கேட்டேன். கைப்பிடி உடைந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா திரும்பி வந்தார் இல்ல? நீங்க ரெண்டு பேரும் அங்க நின்னு சொல்றதைக் கண்ணால பார்த்தா, நானும் காத்துட்டு இருக்கலாம்னு தோணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 14

என்னைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டா. வேற யாரை நோக?

ஏப்ரல் 16

நேற்று ஆபீஸிலிருந்து வந்ததும் இவரை உட்காரச் சொல்லிச் சொல்லிவிட்டேன். விழாவில் நான் நிற்கப்போவதில்லை.

அழைப்பு எல்லாருக்கும் போய்விட்டதே என்றார். தெரியும் என்றேன். மகளுக்கு எல்லாம் தெரியும், பதினாறு வயதிலிருந்தே தெரியும், வாளி வாங்கினது வரைக்கும் தெரியும் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. ஒரு நிமிஷம் — ஒரே ஒரு நிமிஷம் — எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. இப்போதாவது அழுவார், ஐயோ பிள்ளை என்பார் என்று பார்த்தேன்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

அதுதான் அவருக்கு முதலில் வந்தது.

மாப்பிள்ளை போய்விட்டதைச் சொன்னேன். அதற்கு அவர் அதிரக்கூட இல்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு, இதெல்லாம் வயசுக் கோளாறு என்று ஆரம்பித்தார். "வந்துடுவான். நான் வரலையா?"

இத்தனை வருஷத்தில் அவர் ஒத்துக்கொண்டது இந்த ஒன்றுதான். அதையும் ஒரு சான்றிதழ் மாதிரி நீட்டினார்.

"நீங்க வந்தீங்க. நான்தான் அன்னிக்குக் கதவைத் திறந்திருக்கக் கூடாது."

கத்தவில்லை நான். இரைச்சலில் நாள் முழுக்க வேலை பார்க்கிற லேத் பட்டறைக்காரர்களிடம் பேசுகிற மாதிரி, நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். கேட்டிருக்கும்.

ஏப்ரல் 18

அட்டைக்காரிக்குப் போன். தேதி மாற்றமா, ரத்தா என்று கேட்டாள். ரத்து. காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், என்ன எழுதட்டும் என்றாள். எழுதாமல் விடு என்றேன். விட முடியாதாம். சரி, உண்மையை எழுது என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்ல வராமல் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21

இவர் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். புதுக் கோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவளுக்கு இந்த வயதில் மனசு நிலையில்லை, கொஞ்ச நாள் தனியாக விட்டிருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறாராம். எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை.

அக்கா போன் செய்தாள். அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாம். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு மணி நேரம் மூடிக்கொண்டு நின்றுவிட்டு வர முடியவில்லையா, அப்படி என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டாள். என் அக்கா. கூடப் பிறந்தவள். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

மகள் போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 29

இன்றும் எடுக்கவில்லை.

மே 9

இன்றைக்குத்தான். லீவு போடவில்லை. ஒன்பது பேர் வந்தார்கள்.

மூன்று மணிக்கு மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்தாள், நோயாளி மாதிரி. சோதனை அறைக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன். கோபமாகத்தான் வந்திருந்தாள். அன்றைக்கே, அவளுடைய பதினாறு வயதிலேயே, நான் உண்மையைச் சொல்லிவிட்டு அழுதிருந்தால் அவளும் இன்றைக்கு அழுதுவிட்டுப் போயிருப்பாள், இப்படிக் கண்ணாடியில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள் என்றாள். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

"நான் உன்னைக் காப்பாத்திட்டு இருந்தேம்மா" என்றாள்.

அந்த அறைக்குள் வெளிச் சத்தம் புகாது. இருவர் மூச்சும் கேட்டது. தொடப் போனேன், நகர்ந்துகொண்டாள். போகும்போது கதவைச் சரியாக மூடிவிட்டுப் போனாள்.

மே 15

காலையில் மகளிடமிருந்து போன். ஒரே வரி. "அடுத்த சனிக்கிழமை நீ வீட்ல இருப்பியா?"

மே 23

மகள் வந்துவிட்டாள். சாமான் வண்டியெல்லாம் இல்லை, இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி. வீட்டுச் சாவியைக் கடிதத்தோடு மாப்பிள்ளையின் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னோடு பேசுவது இன்னும் அளந்துதான். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதப்போவதில்லை.

லிஃப்ட் பழுது. படியேறும்போது இரண்டாம் மாடி அம்மா எதிரே வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டேனே, எந்த ஊர் என்று கேட்டாள்.

என் வாய் திறந்துவிட்டது. பழக்கம். கம்பெனியில் ரூம் என்று ஆரம்பித்தே விட்டிருப்பேன்.

"அவர் எந்த ஊருக்கும் போகலை ஆன்ட்டி. இதே ஊர்லதான், வேற ஒருத்தரோட இருக்கார்" என்றாள் மகள்.

அந்த அம்மா கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். நாங்கள் ஏறினோம். மூன்றாம் மாடி திரும்பும் இடத்தில் மகள் நின்று, உன்னுடையது கனம், இங்கே கொடு என்று என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு மின்விசிறியை என்னிடம் கொடுத்தாள்.