மரவள்ளி என்றேன்

12.05.2025, திங்கள்

வெட்டி வைத்த மூன்று கஞ்சா நுனிகளும் செத்துவிட்டன. வளர்ப்போர் சங்கத்தில் சொல்லித்தந்தபடிதான் எல்லாம் செய்தேன். கணுவுக்குக் கீழே சரித்து வெட்டி, உடனே தண்ணீரில் போட்டு, கீழ் இலைகளைக் கழற்றி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, வேர்ப்பொடியில் தொட்டு நட்டு, கண்ணாடி மூடியால் மூடினேன். பத்தாம் நாள் தண்டு அழுகிக் கிடக்கிறது. தண்ணீர் கூடிவிட்டது போல. முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆட்களைத் தூக்கிப் புரட்டி முதுகை முறித்துக்கொண்டேன், ஒரு சாண் தண்டைக் காப்பாற்றத் தெரியவில்லை.

மாத்திரை வயிற்றை எரிக்கிறது. பூவைப் போட்டுக் காய்ச்சிய நெய்யில் அரைக் கரண்டி உள்ளே போனால்தான் காலில் இழுக்கிற நரம்பு அடங்குகிறது. வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம் என்று ஜேர்மனியில் சட்டம் வந்துவிட்டது. டோர்ட்மண்ட் தமிழரிடம் அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

18.05, ஞாயிறு

இவரின் அக்கா செல்லம் மச்சாள் மதியம் சாப்பிட வந்தா. நேரே பல்கனிக்குப் போய், "உதென்ன பிறேமா, மரவள்ளியே?" என்று கேட்டா. இலை அப்படித்தான், விரித்த கைபோல இருக்கும். நான் வாய் திறக்க முன் இவர் தலையாட்டிவிட்டார். நானும் மரவள்ளி என்றேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ரீச்சராக இருக்கிறவள் வேறு என்ன சொல்வது?

19.05

தாய்ச்செடியில் அடுத்த தரம் வெட்ட விட்டிருந்த நல்ல நுனி இரண்டையும் காணவில்லை. நகத்தால் கிள்ளிய அடையாளம். மச்சாள்தான், வேறு யார்? கேட்டு வாங்கினால் பிடிக்காதாம், களவாகக் கிள்ளி நட்டால்தான் வேர் விடுமாம். என் செவ்வரத்தம்பூச் செடியும் இப்படித்தான் மொட்டையானது. போய்க் கேட்கவும் ஏலாது - கேட்டால் அது என்னவென்று சொல்ல வேண்டும்.

15.06, ஞாயிறு

மச்சாள் கிள்ளியதில் ஒன்று வேர் பிடித்துவிட்டதாம். தயிர் வாளிக்குள்ளே, மூடியும் இல்லை, பொடியும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

06.07, ஞாயிறு

கோயில் செயலாளர் பரராசசிங்கம் அண்ணை திருவிழா நோட்டீஸ் கொடுக்க மச்சாள் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஜன்னலோரம் நின்ற செடியைப் பார்த்துவிட்டு, இது கஞ்சா என்று பத்துப் பேருக்கு முன் சொல்லிவிட்டார்.

பழி மருமகள் கிறிஸ்ரினாவின் தலையில். மச்சாளின் மகன் கவிஷன் விரும்பிக் கட்டிய மன்னார்ப் பிள்ளை. கிறிஸ்தவப் பிள்ளை, வேதக்காரி என்று மச்சாள் இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு சிரித்த முகம் காட்டியதில்லை. மரவள்ளியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன்னை அவமானப்படுத்தக் கஞ்சாவை நட்டு வைத்தாளாம். பின்னேரம் மச்சாள் போன் எடுத்தா. எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டிருந்தா. பின்னால் கிறிஸ்ரினா அழுவது எனக்குக் கேட்டது.

"பிறேமா, உன்னட்டைக் கிள்ளினது மரவள்ளிதானே?"

"ஓம் மச்சாள்."

ஏன் சொன்னேன்? இவர் முன்னால் நின்று, சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதற்காக? வாய் என்னுடையதுதானே.

09.07, புதன்

கிறிஸ்ரினா வேலை முடிந்து நேரே இங்கே வந்தாள். பல்கனியில் நிற்கும் செடியை நன்றாகப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மாமி, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். கவிஷனும் இப்ப என்னை நம்புறாரில்லை."

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். ஏன் வெள்ளிக்கிழமை என்று அவள் கேட்கவில்லை.

11.07, வெள்ளி

சொல்லவில்லை.

19.07, சனி

பள்ளி ஆண்டு விழா. பதினைந்து வருஷச் சேவைக்கு எனக்குப் பொன்னாடை. போர்த்தியவர் பரராசசிங்கம் அண்ணை. ஒழுக்கம், முன்மாதிரி என்றெல்லாம் பேசினார். வெட்கங்கெட்டவள் நான், குனிந்து கொடுத்தேன்.

02.08, சனி

கிறிஸ்ரினா ஆஹெனில் இருக்கும் தமக்கையிடம் போய்விட்டாள். சாமான் ஏற்றத் தகப்பன் இராயப்பு வந்தாராம். கவிஷன் அறையை விட்டு வெளியே வரவில்லையாம்.

இந்தத் தரம் வெட்டிய நான்கிலும் வெள்ளை வேர் வந்திருக்கிறது. கை பழகிவிட்டது. சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

10.08, ஞாயிறு

பொறுக்க ஏலாமல் போய்விட்டது. இவரிடம் சொல்லாமல் மச்சாள் வீட்டுக்குப் போனேன். கவிஷன் இல்லை. என் பல்கனியில் நிற்பது கஞ்சா, நான் சொன்னது பொய், அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மச்சாள் பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை.

"கிள்ளேக்கை பால் வரேல்லையே. மரவள்ளி இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

பிறகு ஏன் போனில் என்னைக் கேட்டீர்கள் என்றேன்.

"நீ ஓம் எண்டுதான் சொல்லுவாய் எண்டும் தெரியும்."

அவ்வளவுதான். கொழும்பில் கவிஷனுக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறாவாம், சைவப் பிள்ளை. இந்தக் கதையை இனி எடுக்க வேண்டாம் என்றா. மிரட்டலாகக் கூடச் சொல்லவில்லை. தன்னோடு என்னையும் சேர்த்துத்தான் சொன்னா.

அப்போது கவிஷன் வந்தான். மெலிந்துவிட்டான். முதுகு இப்ப எப்பிடி மாமி என்று கேட்டான். மச்சாள் என்னைப் பார்க்கவே இல்லை, அடுப்படிக்குப் போய்விட்டா. நானும் அவனும் மட்டும் அறையில் இருந்தோம், ஐந்து நிமிஷம் இருக்கும்.

முதுகு பரவாயில்லை என்றேன். பிறகு மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம்.