பட்டம் ஏற்காத முகவரியும் திறவாத மதகும்

திருநிறைக. உச்சிப்பாறை முதல் கருங்கல் மதகு வரை ஆணை செலுத்தும் மலைகாத்த மாமன்னர், பகைதீர்த்த பெருமான், ஸ்ரீ செங்கோட தேவரின் ஓலைநாயகம் கூத்தபிரானார் அவர்களுக்குத் தாழைத்துறை நாட்டு மந்திரி ஆதிச்சநம்பி வணங்கி விடுக்கும் ஓலை. வேங்கைமலை நாட்டில் மழையும் மாடும் பெருகுக. மன்னர் நலமா என்று எழுதுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை, காரணம் கீழே.

எங்கள் கடைமடை வயல்கள் கதிர் பொதியும் பருவத்தில் காய்கின்றன. தங்கள் மதகு திறக்காவிடில் இவ்வாண்டு குடிகளுக்குக் கஞ்சியும் இல்லை. ஓலை சேர நாளாகும் என்பதால் மின்னஞ்சல் அனுப்பும்படி எம் மன்னர் பணித்தார். அடியேனும் தங்கள் மன்னரின் பட்டங்கள் அனைத்தையும் முறைப்படி இடம்விட்டு எழுதி, இறுதியில் திருப்பெயரும் சேர்த்து முகவரியிட்டு அனுப்பினேன். நொடியில் மறுமொழி வந்தது, இப்பெயருடையார் இங்கு எவருமில்லை என்று. தங்கள் மன்னர் மறைந்துவிட்டார் என்றே கொண்டு அவையே அலறிற்று. கொடி இறங்கியது, முரசு கவிழ்ந்தது, எம் மன்னர் அழுதபடியே தலைமுழுகியும் விட்டார்.

கணினிச்சாலை அதிகாரி பூவணத்தாள் மட்டும் சிரித்தாள். முறுக்குப் போன்ற குறிக்கு முன்னிருப்பது ஆளின் பெயராம், பின்னிருப்பது அவர் அஞ்சல் தங்கும் இடமாம், நடுவே வெற்றிடம் ஆகாதாம், ஒரு புள்ளி பிசகினாலும் கடிதம் சேராதாம். முறுக்கே இல்லாத முகவரியும் ஒன்று உண்டே என்று கேட்டேன். அது இணையதளத்தின் முகவரி, கோட்டை வாசலைப் போன்றது, எவரும் போய்ப் பார்க்கலாம், அவ்விடத்து ஒருவருக்கு அஞ்சல் எழுத அது உதவாது என்றாள். போய்ப் பார்த்தேன். தங்கள் மன்னர் யானைமேல் அமர்ந்து சிரிக்கிறார். இன்று சிரிக்கிறாரா, பழைய படம் சிரிக்கிறதா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருக்கிறது, ஐயா.

பிறகு அவள் சரியான முகவரியை எழுதிக் காட்டினாள்: செங்கோடன்@வேங்கைமலை.நாடு. ஸ்ரீ இல்லை, தேவர் இல்லை, பந்தாடும் தோழனைக் கூப்பிடுவதுபோல் வெறும் பெயர்! தங்கள் நாட்டில் மன்னரை அவ்வாறு விளித்தவன் நாக்கை அறுப்பது வழக்கம் என்பதை நான் அறியாதவனல்லன். ஒரேயொரு தேவராவது சேர்க்கிறேனே என்று மன்றாடினேன். சேர்த்தால் கடிதம் திரும்பிவிடும் என்றாள். மரியாதை கொடுத்தால் போய்ச் சேராதாம், இது என்ன அஞ்சலோ!

இன்று காலை உழவர்கள் வாடிய பயிரைப் பிடுங்கி வந்து என் எழுதுபலகைமேல் வைத்துப் போனார்கள். அதற்குமேல் பொறுக்க என்னால் ஆகவில்லை. வெறும் பெயருக்கே அனுப்பிவிட்டேன். இம்முறை திரும்பி வரவில்லை. மறுமொழியும் வரவில்லை. சேர்ந்ததா, படித்தாரா, சினந்தாரா, ஒன்றும் விளங்கவில்லை.

மன்னர் உயிரோடிருந்தால் எங்கள் துக்கத்தைப் பொறுத்தருள்க. இவ்வோலைக்குப் பின்னாலேயே அடியேனும் புறப்பட்டு வருகிறேன்.

எம் மன்னர் ஆணைப்படி தாழைப்பூ இலச்சினை இட்டு முடித்தது. நாக்கை அறுப்பது நான் வந்த பிறகு நடக்கட்டும். தண்ணீரை இப்போதே திறந்துவிடுக.