மாடி அறைச் சாவி

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் இளைய மகன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ராஜவாழ்க்கை. இந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் முதலாளிகூட என்னைக் கேட்டுத்தான் தும்முவார்.

நேற்று தங்கச்சி மகன் போனில், "மாமா, மாடி ரூமை தாத்தா உங்க பேருக்குத்தானே உயில் எழுதியிருக்காரு? ஏன் வாடகைக்கு விட்டீங்க?" என்றான். அப்பா போய் ஒரு வருஷம் கழித்து எனக்கு விஷயம் வந்து சேருகிறது! விழுந்து விழுந்து சிரித்தேன்.

உடனே அண்ணனைக் கேட்டேன். "உனக்குத்தான் அங்க ஏழு ரூம் வீடு இருக்கேடா! இந்த ஒத்த ரூம் உனக்குத் தூசு, சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க" என்றார்.

நான் முன்பு எழுதிய ஏழு அறை உண்மைதான் அம்மா. என் அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். ஜன்னலோரக் கட்டில் எனக்குத்தான், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

அறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கடைசியில் என்னையும் நினைத்தார் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கைவலித் தைலமும் அந்த அறைச் சாவியும் கொடுத்தனுப்புங்கள். பூட்டை மாற்றியிருப்பீர்கள். பரவாயில்லை, பழைய சாவியே போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. நான் போகாமல் இங்கே ஒரு மெஷினும் ஓடாது.

உங்கள் மகன்